எங்களுக்கும் இரண்டு நாள்

'ஓய்வு' என்ற சொல்லை எங்கள் பெண்கள் எப்போதெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மழை ஓய்ந்தது என்பார்கள். சண்டை ஓய்ந்தது என்பார்கள். தலைமையாசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார் என்பார்கள். "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று தன்னைப் பற்றிச் சொன்ன பெண்ணை, சமூகப் பணியாளராக இருக்கும் இத்தனை காலத்தில், நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். நிவாரணம் கேட்டிருக்கிறார்கள், தையல் இயந்திரம் கேட்டிருக்கிறார்கள், காணாமற் போன கணவனைப் பற்றிய ஒரு பதில் கேட்டிருக்கிறார்கள். ஓய்வைக் கேட்டதில்லை. கேட்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை, அதைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்ட பன்னிரண்டு பெண்களைப் பற்றியது. 2024ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில், திருகோணமலை நகரை ஒட்டிய அன்புவழிபுரத்திலிருந்து புறப்பட்டு, நிலாவெளிக் கடற்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு இரவு தங்கிவந்தார்கள். அவர்களோடு நானும் போனேன். செய்தி இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்துமுடிக்க அவர்கள் எதையெல்லாம் தாண்டவேண்டியிருந்தது என்பதை மற்றச் சகோதரிகளும் அறியவேண்டும் என்று எண்ணியே எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்க்கும்படி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பக்கத்துக் கடல், தூரத்துக் கடல்

பன்னிரண்டு பேரும் ஒரே சேமிப்புக் குழுவினர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர், வீடுகளுக்குத் துணி துவைக்கப் போகிறவர், தைப்பவர், மத்திய கிழக்கில் ஒன்பது வருடம் வேலைசெய்து திரும்பியவர் என்று பல வகை. பெரும்பாலானோர் பெண் தலைமைத்துவக் குடும்பத்தினர். 1983, 1987, 1990 என்று அவர்கள் ஆண்டுகளை எண்ணுவது பிள்ளைகளின் பிறந்தநாளை வைத்தல்ல, இடப்பெயர்வை வைத்துத்தான்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளியைத் தாண்டிப் போனால், ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் நிலாவெளி. 1970களில் அந்தக் கரைகளில் உல்லாச விடுதிகள் எழுந்தன. 1983க்குப் பின்னர் யுத்தம் அவற்றின் கதவுகளை ஏறக்குறைய மூடிவிட்டது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை வந்த ஆழிப்பேரலை எஞ்சியதையும் அடித்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின் விடுதிகள் மீண்டும் பெருகின. இன்று உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஆட்கள் விமானமேறி இந்தக் கடலைப் பார்க்க வருகிறார்கள். பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் வாழும் எங்கள் பன்னிருவரில் ஒருவர்கூட அந்தக் கரையில் ஓர் இரவு தங்கியதில்லை.

2023 மார்கழியில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் பேச்சு வந்தது. குழுவில் இளையவர் விளையாட்டாக, "கடற்கரைப் பக்கம் ஒரு வீடெடுத்து ரெண்டு நாள் சும்மா இருந்து பாப்பமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் மூத்தவரான அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன், எங்களுக்கு ஏலாதோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து ஆளுக்குக் கிழமைக்கு நூறு ரூபாய் தனியாக ஒரு பெட்டியில் விழத் தொடங்கியது.

ஓய்வு சலுகையா, உரிமையா?

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரில் பேச்சு எழுந்தது. "தாலியறுத்தவளுக்கு என்ன உல்லாசம்?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டாராம். அடுத்த கூட்டத்தில் இரண்டு பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அன்று நான் சில விபரங்களைச் சொன்னேன்.

1948ஆம் ஆண்டின் சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் பொழுதுபோக்கும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. ஒவ்வொருவரும் என்றால் விதவையும் அதற்குள் அடக்கம். அதற்கு முன்பே, 1936இல், சர்வதேசத் தொழில் தாபனம் சம்பளத்துடனான விடுமுறைக்கு ஓர் உடன்படிக்கை செய்தது. அதே ஆண்டில் பிரான்சில் தொழிலாளருக்கு இரண்டு கிழமை விடுமுறை சட்டமானது. மலிவு ரயில் சீட்டும் கிடைக்க, அந்தக் கோடையில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. அவர்களையும் பார்த்துப் 'பஞ்சப்பட்டதுகளுக்குக் கடற்கரை கேட்குதோ' என்று முகம் சுளித்த பணக்காரர் இருந்தார்கள். எங்கள் நாட்டிலும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்குப் பதினான்கு நாள் விடுமுறை தருகிறது.

ஆனால் இடியப்பம் அவிப்பவருக்கு எந்தச் சட்டத்தில் விடுமுறை? வெளியே வேலைசெய்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது வேலைமுறை காத்திருக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989இல் எழுதினார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது சரியென்றே பட்டது. அன்புவழிபுரத்துக்கு வந்தபின் கணக்குப் போதவில்லை. இங்கே மூன்றாவது வேலைமுறை ஒன்றும் உண்டு. காணாமற் போனவருக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, இரவில் விழித்திருப்பது. இந்த மூன்றாவதற்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

காசைத் திருப்பிக் கேட்ட இருவரில் ஒருவர் அன்றே மனம் மாறினார். மற்றவர் மூன்று கிழமை கழித்து வந்து, விட்ட கிழமைக் காசையும் சேர்த்துக் கட்டினார்.

வீடு தேடிய கதை

முதலில் கேட்ட தங்குமிடத்தில், தொலைபேசியில் தமிழில் பேசியதுமே, "இஞ்ச வெளிநாட்டாக்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் பன்னிரண்டு பெண்கள் தனியாக வருகிறோம் என்றதும், கூட வரும் ஆண் பொறுப்பாளர் யார் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில், எங்கள் காசில், எங்களுக்கு இடமில்லை. குழுப் பொருளாளர் அன்று மிகவும் சோர்ந்துபோனார்.

மூன்றாவதாகக் கிடைத்த வீடு ஒரு பெண்ணுடையது. அவர் கேட்ட கேள்விகள் வேறு. "எத்தனை சின்னப் பிள்ளையள்? குசினி வேணுமோ? படி ஏற ஏலாத ஆக்கள் இருக்கினமோ?" வாடகை இரவொன்றுக்கு 13,000 ரூபாய் என்றார். கிழமை நடுவில் வந்தால் குறைத்துத் தரும் விலை அது.

உடனே முற்பணம் கட்டவில்லை. ஒரு ஞாயிறு பொருளாளரும் நானும் பஸ்ஸில் போய் வீட்டைப் பார்த்தோம். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, பனங்காணிக்குள் இருந்தது. தகப்பன் கட்டிய மீன்பிடிக் குடும்பத்து வீடு. இடப்பெயர்வில் கூரை போயிற்று, சுனாமியில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது. திரும்பி வந்தபின் வலை வைத்த கொட்டிலுக்குச் சுவர் எழுப்பி ஓர் அறை, விறாந்தையின் ஒரு பக்கத்தை மறித்து இன்னோர் அறை, பழைய படுக்கையறை ஒன்று என மூன்று அறைகளாக்கியிருந்தார். பின்வளவில் ஒரு சிறிய வீட்டில் தாயோடு தான் குடியிருந்தார். கிணற்றுக் கட்டில் தண்ணீர் ஏறிய அடையாளத்தைச் சுண்ணாம்பு பூசி மறைக்காமல் விட்டிருந்தார். அதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மத்தியதரைக் கடலோரத்தில் ஒலிவ் தோட்டங்களுக்குள் இருக்கும் பழைய பண்ணை வீடுகளை இப்படித் திருத்தி விடுமுறைக்கு வாடகைக்கு விடுவது பெரிய தொழில். இத்தாலியில் கமக்காரக் குடும்பங்கள் தம் வீட்டில் விருந்தினரை வைத்து உழைப்பதற்கென 1985இல் தனிச் சட்டமே வந்தது. விளைச்சல் மட்டும் போதாத குடும்பம் காணியை விற்காமல் நிலைக்க அது ஒரு வழியாயிற்று. எங்கள் கரையில் ஒலிவுக்குப் பதில் பனை. விற்காமல் காப்பாற்றிய வளவு என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

சும்மா இருப்பது என்ற வேலை

வானில் ஏறியபோது மூத்த அம்மா தேசிய அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்திருந்தார். "இப்ப ஒருத்தரும் கேக்கமாட்டினம் அம்மா, பையில வையுங்கோ" என்றேன். "தெரியும் பிள்ளை. கைக்குத் தெரியாது" என்றார். நிலாவெளி வரும்வரை கையில்தான் இருந்தது.

போய் இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் பார்த்தால், ஒருவர் வளவு கூட்டுகிறார், ஒருவர் வீட்டுக்காரரின் பானைகளைத் தேய்க்கிறார், ஒருவர் கிணற்றடியில் கிடந்த துணியை ஊறப்போட்டுவிட்டார். வீட்டுக்காரர் ஓடிவந்து தும்புத்தடியைப் பறித்தார். "அக்கா, நீங்கள் வாடகை தந்து வந்தனீங்கள். இருங்கோ." இருப்பது எப்படியென்று தெரியாமல் விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்தார்கள், கூப்பன் கடையில் காத்திருப்பவர்களைப் போல.

நானும் ஒன்றும் குறைந்தவளல்ல. பையில் பெரிய தாள் சுருளும் நிறப் பேனைகளும் கொண்டுபோயிருந்தேன். மாலையில் 'மன அழுத்த முகாமைத்துவம்' என்று ஒரு சிறு பயிற்சி நடத்தலாம் என்பது என் எண்ணம். சுருளைக் கண்டதும் தையற்கார அக்கா, "தங்கச்சி, வரவுப் பதிவேடும் கொண்டு வந்தனீங்களோ?" என்றார். வீடே சிரித்தது. நிவாரணத்தோடு ஒரு பயிற்சி, பயிற்சியோடு ஒரு கையொப்பம் என்று இவர்களை நாங்கள் பழக்கிவிட்டோம். எதுவுமே கேட்கப்படாத ஒரு நாளை இவர்களுக்குக் கொடுக்க எங்களுக்குத் தெரியவில்லை. சுருளை வானுக்குள்ளேயே திருப்பி வைத்தேன்.

சமையலுக்கு முன்பே ஒழுங்கு செய்திருந்தோம். முதல் நாள் மதியத்துக்குக் கட்டுச்சோறு. பின்வரும் நான்கு வேளைக்கும் மூன்று மூன்று பேராக நான்கு குழு. தன் முறை இல்லாதவர் குசினிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. எனக்குச் சமையல் நம்பித் தர முடியாதென்று கோப்பை கழுவும் வேலை தந்தார்கள். கரைவலை இழுத்தவர்களிடம் சூடையும் பாரையும் வாங்கினோம். கடைசி நாள் காலைச் சாப்பாட்டை மட்டும் வீட்டுக்காரரிடம் காசுக்குச் சொல்லியிருந்தோம். இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தது. இடியப்பம் அவித்து விற்கும் அக்கா முதல் தட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இருவது வருசத்துக்குப் பிறகு மற்றாள் அவிச்ச இடியப்பம் சாப்பிடுறன்" என்றார். பிறகு, "மாவுக்கு இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி விட்டிருக்கலாம்" என்றும் சொன்னார்.

இரண்டாம் நாள் குளித்தோம், கதைத்தோம், தாயம் விளையாடினோம். எதிரே கடலுக்குள் புறாமலை தெரிந்தது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட, முருகைக் கற்கள் சூழ்ந்த தீவு. படகுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் காசு போதாதென்று கரையிலிருந்தே பார்த்தோம். "அடுத்தமுறை" என்று ஒருவர் சொன்னார். அடுத்தமுறை என்ற சொல் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

கடலைப் பாராத அக்கா

எங்கள் பொருளாளர் 2004இல் தாயையும் ஒரு மகளையும் கடலுக்குக் கொடுத்தவர். கணக்குப் புத்தகம் தன் பொறுப்பு என்பதால்தான் வந்தார். போன நேரம் முதல் பின்பக்கத்து அறையை எடுத்துக்கொண்டார். அதன் ஜன்னல் பனங்காணியைப் பார்த்தது.

அவரைக் கரைக்குக் கூட்டிப்போனால் மனப்பாரம் இறங்கும் என்று சிலர் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் நினைத்தேன். மூத்த அம்மா தடுத்தார். "அவளை விடுங்கோ. வந்ததே காணும்." பொருளாளர் அன்றிரவு எட்டு மணிக்குப் படுத்து மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்தார். பதினொரு மணித்தியாலம். எழுந்ததும் பயந்துபோய், "ஏன் என்னை எழுப்பேல்ல?" என்று கேட்டார். எழுப்ப ஒரு காரணமும் இருக்கவில்லை என்றோம்.

இரண்டு நாளும் அவர் கடலைப் பார்க்கவில்லை. திரும்பும்போது, "எனக்குக் கடல் வேண்டாம். இந்த நித்திரை வேணும்" என்றார். கடல் எல்லோரையும் ஆற்றும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஒருவருக்குக் கடல், இன்னொருவருக்குப் பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறை. எது ஓய்வு என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டும்.

நாங்களும் அறை விடலாமா?

இரண்டாம் இரவு துணி துவைக்கப் போகும் தங்கச்சி வீட்டுக்காரரிடம் கேட்டார்: "நானும் கடனெடுத்து ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்டால் என்ன?" வீட்டுக்காரர் தன் அனுபவத்தை ஒளிக்காமல் சொன்னார். சித்திரை தொடக்கம் புரட்டாசி வரைதான் ஆட்கள் வருவார்கள். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் வீடு பூட்டியே கிடக்கும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அந்த வருடத்துப் பதிவுகள் எல்லாம் போயின. 2020இல் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லை. "கிழமைக் கடன் எடுத்திருந்தால் இந்த வளவு இப்ப என்ர இல்லை" என்றார். ஓர் அறையின் உழைப்பில்தான் அடுத்த அறை கட்டினாராம்.

இதை எங்கள் சகோதரிகள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வருமானம் பருவத்துக்கு வரும், கடன் தவணை கிழமைக்கு வரும். இரண்டும் பொருந்தாது. வடக்குக் கிழக்கில் நுண்கடனால் பெண்கள் பட்ட துன்பம் பெரிதாகித்தான், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது.

அறை உள்ளவர்கள் முறையாகச் செய்யலாம். தன் வீட்டிலேயே குடியிருந்து விருந்தினரை வைப்பவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிவுசெய்ய இடமுண்டு. வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அறை இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. கேரளத்தில் குமரகம் என்ற ஊரில் 2008 முதல் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தாம் விளைவித்த மரக்கறியை விடுதிகளுக்கு விற்றார்கள். எங்கள் இடியப்பத்துக்கும், பனையோலைப் பெட்டிக்கும், துணி துவைப்புக்கும் விடுதிகளில் தேவை இருக்கிறது. கூட்டாகக் கேட்டால் விலையும் பேசலாம். திரும்பி வந்தபின் எங்கள் இடியப்ப அக்கா அதே வீட்டுக்காரரோடு இதுபற்றிப் பேசிவருகிறார்.

கணக்கு

நாற்பது கிழமை, ஆளுக்கு 4,000 ரூபாய். என் பங்கையும் நான் கட்டினேன். பதின்மூன்று பேருக்கு மொத்தம் 52,000. வீட்டு வாடகை இரண்டு இரவுக்கு 26,000, வான் போகவர 9,000, சாமான், மீன் 11,500, கடைசிக் காலைச் சாப்பாடு 4,000. செலவு 50,500. மிச்சம் 1,500. அது அடுத்த பெட்டியின் முதல் காசாகப் போடப்பட்டது.

போக விரும்பும் குழுக்களுக்கு

- கடன் வாங்கிப் போகாதீர்கள். அவசரத்துக்கான குழுச் சேமிப்பிலும் கைவைக்காதீர்கள். இதற்கெனத் தனிப் பெட்டி வையுங்கள்.
- முற்பணம் கட்டுமுன் இருவர் நேரில் போய்ப் பாருங்கள். அறைக் கதவுக்கு உட்பூட்டு உண்டா, மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சம் உண்டா, மற்றத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள்.
- எங்கள் கரையில் ஐப்பசி முதல் தை வரை கடல் கொந்தளிப்பானது. மற்றக் காலத்திலும் தனியாகவோ இருட்டிலோ இறங்காதீர்கள். எந்த இடத்தில் இழுவை உண்டென்று மீன்பிடிப்பவர்களிடம் கேளுங்கள்.
- சமையல் முறையைப் போகுமுன் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் எப்போதும் சமைப்பவரே அங்கும் சமைப்பார்.
- பிள்ளைகளையும் நோயாளரையும் அந்த இரண்டு நாள் யார் பார்ப்பது என்பதைக் குழுவாகவே ஒழுங்கு செய்யுங்கள். எங்களோடு இரண்டு சின்னவர்கள் வந்தார்கள். மற்றவர்களைப் போகாத உறவினர் பார்த்தார்கள்.
- யாரையும் கடலுக்குள் இறங்கவோ, கதை சொல்லவோ, படமெடுக்கவோ வற்புறுத்தாதீர்கள்.

திரும்பி வந்த மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு இடியப்ப அக்காவின் அடுப்பு வழக்கம்போல எரிந்தது. காணாமற் போனவர் திரும்பவில்லை, கடன் குறையவில்லை. இரண்டு நாளில் வாழ்க்கை மாறிவிடும் என்று யாரும் எதிர்பார்த்துப் போகவுமில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில், "தாலியறுத்தவளுக்கு என்ன உல்லாசம்" என்று கேட்டவரின் மனைவி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்தபின் பொருளாளரிடம் மெதுவாகக் கேட்டார்: "கிழமைக்கு நூறு ரூபாயோ?"

பொருளாளர் புத்தகத்தில் பதின்மூன்றாவது பெயரை எழுதினார்.